மாணிக்கவேலு மாளிகையில் வாசுதேவ்: ஒரு பழைய வீட்டுக்குள் ஓர் ஓவியரின் அரை நூற்றாண்டு

பெங்களூரு அரண்மனைச் சாலையில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் 2018ஆம் ஆண்டு ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவின் பின்னோக்குக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கு ‘இன்னர் ரெசனன்ஸ்: எ ரிட்டர்ன் டு சம’ என்று பெயர். உள்ளே எழும் அதிர்வையும் சமத்துக்குத் திரும்புவதையும் சொல்லும் பெயர் அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் செய்த எண்ணெய் வண்ண ஓவியங்கள், கோட்டுச் சித்திரங்கள், செப்புத் தகட்டுப் புடைப்புகள், பட்டில் நெய்த திரைச்சீலைகள் ஆகியவை அங்கே ஒன்றுகூடின. கண்காட்சியை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கலை விமர்சகர் சதானந்த் மேனன். ஓவியர் மைசூரில் பிறந்த கன்னடர். கண்காட்சி நடந்த கட்டடம் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கியது. ஓவியர் தொழில் கற்றதும் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வேலை செய்ததும் சென்னையில். தென்னிந்திய நவீன ஓவியத்தின் வரலாற்றை மாநில எல்லைகளுக்குள் அடைத்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

கட்டடத்திலிருந்து தொடங்கலாம். வசந்த் நகரில் அரண்மனைச் சாலையை ஒட்டி, சுமார் 3.5 ஏக்கர் மரத்தோப்புக்குள் நிற்கும் இந்த இரண்டடுக்கு வீடு மைசூர் உடையார் அரச குடும்பத்தின் உடைமையாக இருந்து, பின்னர் ராஜா மாணிக்கவேலு முதலியாரின் கைக்கு வந்தது. எளிய குடும்பத்தில் பிறந்த மாணிக்கவேலு, மைசூர் சமஸ்தானத்தில் மாங்கனீசு, குரோம் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பெரும் செல்வம் சேர்த்தவர். பெங்களூரில் தமிழ் முதலியார்களின் கைத்தடம் பதிந்த கட்டடம் இது மட்டும் அல்ல. கப்பன் பூங்காவின் ஓரத்தில் இன்றும் செந்நிறத்தில் நிற்கும் அட்டாரா கச்சேரியை 1860களில் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக் கொடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கண்டோன்மென்ட் பகுதியின் பள்ளிகள், சத்திரங்கள், கோயில் திருப்பணிகள் பலவற்றுக்குப் பின்னால் இத்தகைய குடும்பங்கள் இருந்தன. மாணிக்கவேலு மாளிகை அந்த வரிசையில் சற்று மாறுபட்டது. அது பொதுப் பயனுக்காக எழுப்பப்பட்டதல்ல, குடியிருக்கும் வீடு. பொதுச் சொத்தாக மாறியது பின்னால், செல்வம் சரிந்த பிறகு.

கடன் சுமையில் வீடு ஏலத்துக்கு வந்தது. நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அதை வாங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அரசு சார்ந்த அமைப்புகள் சிலவற்றின் கைமாறி, 2000ஆம் ஆண்டில் கலைக்கூடம் அமைப்பதற்காக மத்திய பண்பாட்டு அமைச்சகத்துக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. அந்த இடைக்காலத்தில் பெங்களூரில் இதைப் போன்ற எத்தனையோ பெரிய பங்களாக்கள் இடிந்து அடுக்குமாடிகளாகின. மாணிக்கவேலு மாளிகை தப்பியதற்கு அதன் அழகைவிட, அது அரசின் கணக்கில் ஒரு சொத்தாகக் கிடந்ததே காரணம் என்று தோன்றுகிறது. தனியாரிடம் இருந்திருந்தால் அரண்மனைச் சாலையில் 3.5 ஏக்கர் நிலம் மரங்களோடு மிஞ்சியிருக்காது.

பழைய வீட்டைப் புதுப்பித்து, அதன் பின்னே புதிய காட்சிக்கூடப் பகுதியைச் சேர்த்த கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன். வளாகத்து மரங்களைக் காப்பாற்றி, அவற்றுக்கு இடையே புதிய கட்டடத்தைப் பொருத்துவது திட்டத்தின் முதல் நிபந்தனையாக இருந்தது. புதிய பகுதி பழையதைப் போல வேடமிடவில்லை. வளைவும் தூணும் மாடமும் பழைய வீட்டுக்குரியவையாகவே இருக்க, புதியது நேர்கோட்டுச் சுவர்களும் கண்ணாடியுமாக ஒதுங்கி நிற்கிறது. 2009 பிப்ரவரி 18 அன்று திறப்பு விழா நடந்தது. டெல்லி, மும்பை ஆகியவற்றுக்குப் பிறகு இது மூன்றாவது தேசிய நவீன கலைக்கூடம், தென்னிந்தியாவுக்கு முதலாவது.

மூன்று கூடங்களும் பழைய கட்டடங்களிலேயே குடியேறியவை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. டெல்லிக் கூடம் 1954 மார்ச் 29 அன்று ஜெய்ப்பூர் மகாராஜாவின் டெல்லி இல்லமான ஜெய்ப்பூர் ஹவுஸில் தொடங்கியது. மும்பைக் கூடம் 1911இல் ஜார்ஜ் விட்டெட் கட்டிய கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தின் உட்புறத்தை முற்றிலும் மாற்றியமைத்து 1996இல் திறக்கப்பட்டது. ஒன்று அரச இல்லம், மற்றொன்று சொற்பொழிவும் கச்சேரியும் நடந்த பொது மண்டபம், மூன்றாவது ஒரு வணிகரின் வீடு. நவீன ஓவியத்துக்கென்று கட்டப்படும் கூடம் வெள்ளைச் சுவரும் சாளரமில்லாத அறையுமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 20ஆம் நூற்றாண்டில் வலுப்பட்டது. அத்தகைய அறையில் படம் காலமும் இடமும் இல்லாத ஒன்றாகத் தோன்றும். இந்தியாவில் பெரும்பாலும் அந்த வசதி வாய்க்கவில்லை. கொச்சி முசிறிஸ் ஈராண்டு விழா 2012இல் தொடங்கியபோது அதன் முதன்மைக் களம் ஆஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய கிடங்கு வளாகம். இங்கே சமகால ஓவியம் பெரும்பாலும் வேறு யாரோ வேறு எதற்கோ கட்டிய சுவர்களில்தான் தொங்கி வந்திருக்கிறது. அதைக் குறையாகக் கருதத் தேவையில்லை. வாசுதேவின் கண்காட்சி அதைப் பலமாகவே காட்டியது.

வீடாக இருந்த கட்டடத்தில் ஒரு தனிநபரின் வாழ்நாள் படைப்புகளை வைக்கும்போது நேரும் முதல் மாற்றம் அளவில் தெரியும். மாளிகையின் அறைகள் உயரமானவை, ஆனால் அகலத்தில் மனிதர் உட்கார்ந்து பேசும் அளவுதான். ஓர் அறையிலிருந்து பார்த்தால் வாசல் வழியே அடுத்த அறையின் ஒரு படம் தெரியும். முழுத் தொகுப்பும் ஒரே பார்வையில் சிக்காது. பார்வையாளர் படத்திலிருந்து பத்தடிக்கு மேல் விலகிப் போக இடம் இருக்காது. பெரிய அளவில் வெடித்துக் கிளம்பும் ஓவியங்களுக்கு இது தொல்லை. அருகில் சென்று கோடு கோடாகப் படிக்க வேண்டிய ஓவியங்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. வாசுதேவின் ஓவியம் இரண்டாவது வகை.

வாசுதேவ் 1941இல் மைசூரில் பிறந்தார். மாணவப் பருவத்தில் கேலிச்சித்திரம் வரைவதில் ஈடுபாடு கொண்டிருந்த அவரைச் சென்னை ஓவியக் கல்லூரியின் பக்கம் திருப்பியவர் பெங்களூரில் வாழ்ந்த கலை விமர்சகர் ஜி. வெங்கடாசலம். 1960களின் தொடக்கத்தில் வாசுதேவ் வந்து சேர்ந்த அந்தக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கைத்தொழில் பள்ளியின் தொடர்ச்சி. 1929 முதல் 1957 வரை தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வர். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர். ராய் சௌத்ரியின் காலத்தில் உருவத்தைப் பார்த்து வரையும் பயிற்சி உறுதியாக வேரூன்றியது. பணிக்கர் வேறொரு கேள்வியை மாணவர் முன் வைத்தார்: ஐரோப்பிய நவீனத்தின் வழியில் அப்படியே செல்லாமல், இந்த மண்ணின் கோட்டையும் குறியையும் கொண்டு ஒரு நவீன ஓவியத்தைச் செய்ய இயலுமா? அவரே 1963இலிருந்து ‘சொற்களும் குறிகளும்’ என்ற வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளைப் போன்ற வடிவங்களையும் கித்தானில் நிரப்பத் தொடங்கினார். கோயிற்சிற்பம், கோலம், ஓலைச்சுவடி, தோற்பாவை, பித்தளை வேலை ஆகியவை வகுப்பறைப் பேச்சில் இடம்பிடித்தன.

கைத்தொழில் அங்கே ஓவியத்துக்குக் கீழானதாகக் கருதப்படவில்லை. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. சென்னையில் அப்போது ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. கல்லூரி முடித்தவர்கள் விளம்பர நிறுவனத்துக்கோ ஆசிரியப் பணிக்கோ போய்விட, ஓவியம் ஓய்வுநேர வேலையாகக் கரைந்தது. பணிக்கரும் மாணவர்களும் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து பாத்திக் துணிகளும் உலோக வேலைகளும் செய்து விற்றார்கள். விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். அதன் தொடக்க உறுப்பினர்களில் வாசுதேவும் ஒருவர். ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன், பி. கோபிநாத், எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால் ஆகியோர் அந்த வட்டாரத்தின் பிற பெயர்கள். காலையில் கைவினை, மாலையில் ஓவியம் என்று பிழைப்பையும் படைப்பையும் அவர்கள் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டார்கள். அரசின் நிதியோ செல்வந்தரின் கொடையோ அடிப்படையாக இல்லாமல் ஓவியர்கள் தங்கள் கையுழைப்பால் நிலம் வாங்கி ஊர் அமைத்தது இந்திய நவீனக் கலையில் மிக அரிய செயல். அந்தச் செயலுக்குரிய மதிப்பு தமிழ்நாட்டின் பண்பாட்டு வரலாறுகளில் இன்னும் முழுமையாக அளிக்கப்படவில்லை.

அறுபதுகளின் சென்னை, கன்னடப் புதிய அலைக்கும் ஒரு தொட்டிலாக இருந்தது. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாட் 1963 முதல் 1970 வரை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றினார்; ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவில் நடித்தார். யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவலைப் படமாக்க முனைந்த பட்டாபிராம ரெட்டியும் சென்னையில் இருந்தவர். 1970இல் வெளியாகி, சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைக் கன்னடத்துக்கு முதன்முதலாகப் பெற்றுத்தந்த அந்தப் படத்தின் கலை இயக்குநர் வாசுதேவ். சிருங்கேரியை ஒட்டிய அக்ரகாரத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் வீட்டுத் திண்ணை, ஆற்றங்கரை, உடைந்த பாத்திரம் எல்லாம் கறுப்பு வெள்ளையில் கனத்த பொருள்களாக நிற்கின்றன. பின்னாளில் தார்வாட்டின் மனோகர கிரந்தமாலா பதிப்பகத்தின் நூல்களுக்கு அவர் அட்டை வரைந்ததும் இந்த நட்புகளின் தொடர்ச்சி. கன்னட இலக்கியத்தின் நவ்ய இயக்கமும் சென்னை ஓவிய இயக்கமும் ஒரே மனிதருக்குள் சந்தித்தன. எழுத்தாளர்களோடு சேர்ந்து வேலை செய்யும் இந்தப் பழக்கம் வாசுதேவின் ஓவியத்தை முழுமையான அருவமாகப் போய்விடாமல் தடுத்திருக்கலாம். கதை சொல்லாவிட்டாலும், அவருடைய படங்களில் எப்போதும் யாரோ இருக்கிறார்கள்.

அவருடைய தொடக்ககால வரிசை ‘மைதுனம்’. அதைத் தொடர்ந்து வந்த ‘விருட்சம்’ அவருக்குப் பெயர் பெற்றுத்தந்தது. கன்னடக் கவிஞர் த.ரா. பேந்திரேயின் கவிதையில் வரும் கற்பக மரம் அதற்கு ஒரு தூண்டுதல். தமிழ் வாசகருக்கு அந்த மரம் அந்நியமானதல்ல. சங்க காலத்துக் காவல்மரம், சிவன் கோயில்களின் தலமரம், திருவிழா வாகனங்களில் வரும் கற்பகத்தரு என்று அதன் உறவினர் பலர் இங்கே உண்டு. வாசுதேவின் மரத்துக்குத் தனி இலை இல்லை. இலையாகத் தோன்றுவது பறவையாக இருக்கும். கிளையாகத் தோன்றுவது மனித உடலாக வளையும். அடிமரத்தில் ஒரு முகம் புதைந்திருக்கும். கலம்காரித் துணியில் மரம் துணி முழுவதையும் நிறைத்துப் பரவுவதைப் போல இந்த மரமும் சட்டத்தின் நான்கு விளிம்புகளையும் தொட்டு நிற்கிறது. முன்புறம், பின்புறம், தொடுவானம் என்ற பிரிவுகள் அங்கே செல்லாது.

அதைச் செய்யும் முறையும் சொல்லத் தக்கது. வாசுதேவ் கோட்டை வண்ணத்தின் மேல் இழுப்பது குறைவு. முதலில் அடித்தளத்தில் ஒரு நிறம். அதன்மேல் இன்னொரு நிறம் தடிப்பாக. அது காயும் முன் கூர்முனையால் கீறும்போது மேற்படலம் விலகி அடியில் உள்ள நிறம் கோடாக வெளிப்படும். சேர்த்து வரைவதைவிட விலக்கி வரைவது என்று இதைச் சொல்லலாம். வயலில் ஏர் ஓடிய தடம், ஓலையில் எழுத்தாணி ஓடிய தடம் இரண்டும் இதே இயல்பின. ஒரு படத்தில் பெரும்பாலும் ஒரே நிறக் குடும்பம்தான் ஆளும். நீலம் என்றால் நீலத்தின் நூறு சாயல், காவி என்றால் காவியின் நூறு சாயல். தொலைவில் நின்றால் ஒரு நிறத் திட்டு மட்டும் தெரியும். நெருங்கினால் நூலிழை போன்ற ஆயிரம் கோடுகள் பின்னிக் கிடப்பதும், அந்தப் பின்னலில் உருவங்கள் முளைப்பதும் புலப்படும். இவற்றை அச்சுப் பக்கத்திலோ கைப்பேசித் திரையிலோ பார்த்துப் பழகியவர்கள் மாளிகையின் சிற்றறையில் நேரில் நிற்கும்போது வேறொரு ஓவியரைச் சந்திப்பது போலவே உணர நேரும். கீறலின் விளிம்பில் மேடிட்டு நிற்கும் வண்ணத்தின் நிழல் எந்த நகலிலும் வராது.

ஓவியர் ஆர்னவாஸ் வாசுதேவின் மனைவி. சோழமண்டலத்திலேயே அவரும் வேலை செய்தார். 1988இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ அந்தக் காலத்தில் வாசுதேவ் சென்னையை விட்டுப் பெங்களூருக்கு வந்தார். மரம் பின்வாங்கி மனிதர்கள் முன்னே வந்த ‘மனிதவெளிகள்’ என்ற வரிசை அந்த இழப்பின் பின்னே எழுந்தது. கூட்டமாக நிற்கும் முகங்கள், ஒருவருக்குள் ஒருவர் ஒளிந்த உடல்கள், வாய் திறந்தும் பேசாத தலைகள் அதில் நிறைந்திருக்கின்றன. பிறகு ‘நிலவெளிகள்’, ‘வாழ்க்கை என்னும் நாடகம்’, ‘ராப்சடி’ என்று வரிசைகள் தொடர்ந்தன. நாடக வரிசையில் முகமூடிகளும் மேடையில் தோன்றுவோரும் அவர்களைப் பார்ப்போரும் ஒரே பரப்பில் கலக்கிறார்கள். ‘அவனும் அவளும்’ என்ற கரு ஏறக்குறைய எல்லாக் காலத்திலும் ஓடுகிறது. ஆர்னவாஸின் பெயரில் வாசுதேவ் ஓர் அறக்கட்டளை அமைத்து, கலை பயிலும் இளைஞர்களுக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார்.

இந்த வரிசைகளைத் தனித்தனிக் கண்காட்சிகளில் பார்த்தவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதிய தொடக்கமாகத் தோன்றியிருக்கும். ஒரே கட்டடத்தில் சேர்ந்தபோது அவற்றுக்கிடையே உள்ள உறவு தெளிவானது. விருட்ச வரிசையின் கிளைகளுக்குள் புதைந்திருந்த முகங்களே பின்னர் மனிதவெளிகளில் வெளியே வந்து நிற்கின்றன. அவற்றைத் தாங்கிய பின்னல் நிலவெளிகளில் மண்ணின் வெடிப்பாகவும் நீரோட்டமாகவும் மாறுகிறது. கரு மாறியது, கை மாறவில்லை. ஒரு கலைஞரின் வளர்ச்சியைத் தாவல்களாகவும் திருப்பங்களாகவும் எழுதும் வழக்கம் விமர்சனத்தில் அதிகம். வாசுதேவை அப்படி எழுதினால் தவறாகிவிடும். அவருடையது ஆலமரம் விழுது விடுவது போன்ற வளர்ச்சி.

கண்காட்சியின் தலைப்பும் இதைத்தான் சுட்டுகிறது. இந்துஸ்தானி இசையில் தாளச் சுழற்சியின் முதல் அடிக்கு ‘சம்’ என்று பெயர். பாடுபவர் எவ்வளவு தூரம் அலைந்தாலும் கடைசியில் வந்து சேர வேண்டிய புள்ளி அது. கர்நாடக இசை கேட்கும் தமிழர்களுக்குச் சம எடுப்பு, அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்ற சொற்களின் மூலம் இந்தச் சமம் பழக்கமானதே. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மோரா, கோர்வை எல்லாம் சுற்றி வந்து சரியாக எடுப்பில் விழும்போது அவையில் எழும் நிறைவு அனைவரும் அறிந்தது. சதானந்த் மேனன் நடனக் கலைஞர் சந்திரலேகாவோடு நெடுங்காலம் பணியாற்றியவர்; அவருடைய நிகழ்ச்சிகளுக்கு மேடை ஒளியமைத்தவர். தாளத்தையும் உடலையும் அறிந்த ஒருவர் ஓவியக் கண்காட்சிக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தது இயல்பானது. வாசுதேவ் இசை கேட்டுக்கொண்டே வரைபவர் என்பதும், ‘ராப்சடி’ என்பது ஓர் இசைவடிவத்தின் பெயர் என்பதும் அதற்கு வலு சேர்க்கின்றன.

மைசூரில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் 1929இல் பிறந்து, சிகாகோவில் பேராசிரியராக இருந்து, சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தவர் ஏ.கே. ராமானுஜன். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதிய அவர் 1993இல் மறைந்த பிறகு வாசுதேவ் அவருடைய கவிதைகளை முன்வைத்து ஒரு சித்திர வரிசை வரைந்தார். இவை விளக்கப் படங்கள் அல்ல. கவிதையின் காட்சியைத் திரும்பச் சொல்லாமல், அதில் வரும் ஒரு சிறு பொருளையோ உறுப்பையோ எடுத்துக்கொண்டு கறுப்பு மையில் தனியே வளர்க்கின்றன. ராமானுஜனின் வரிகளில் உள்ள சிக்கனமும் உள்ளே மறைந்த சிரிப்பும் இந்தக் கோடுகளில் வேறுவழியில் திரும்பக் கிடைக்கின்றன. வண்ணம் இல்லாதபோது வாசுதேவின் கை எவ்வளவு உறுதியானது என்பதை அறிய இவையே நல்ல வழி. மொத்தப் படைப்பில் அதிகம் பேசப்படாமல் போன பகுதியும் இதுதான்.

செப்புப் புடைப்புகள் சோழமண்டலத்தின் நேரடிக் கொடை. செப்புத் தகட்டைச் சூடாக்கி மென்மையாக்கி, பின்புறத்திலிருந்து தட்டி மேடாக்கி, முன்புறத்தில் கோடு பதிக்கும் முறை கோயில் கவசங்களும் திருவாசிகளும் செய்யும் கம்மியர்களின் முறை. பட்டுத் திரைச்சீலைகளின் கதை வேறு. பெங்களூரில் தேர்ந்த நெசவாளரான சுப்பராயுலுவோடு சேர்ந்து 1990களிலிருந்து வாசுதேவ் அவற்றை உருவாக்கி வந்தார். ஓவியத்தைத் துணியில் அச்சிடுவது இங்கே இல்லை. தறியில் பாவு நூல் நிற்க, ஓவியத்தின் ஒவ்வொரு நிறப் பகுதிக்கும் தனித்தனி ஊடை நூல். ஒரு நிறத்தின் எல்லை முடியும் இடத்தில் அந்த நூல் திரும்பிவிடும், அடுத்த நிறத்தின் நூல் அங்கிருந்து தொடங்கும். இப்படி விரல் விரலாக வளரும் துணியில் நீலத்திலிருந்து பச்சைக்கு மெல்ல மாறுவதற்குப் பல சாயல் இழைகளைச் சேர்த்து முறுக்கி நெய்ய வேண்டும். ஒரு சீலை முடிய மாதங்கள் ஆகும். ஓவியர் கீறிய ஒரு கோடு நெசவாளரின் கணக்கில் எத்தனை இழை என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியிருப்பதால், நெசவாளர் இங்கே உடன்படைப்பாளர் ஆகிறார். வாசுதேவ் அவர் பெயரை மறைக்காமல் தொடர்ந்து சொல்லி வந்தது, கைவினைஞரின் பெயர் அழிந்துபோவதே வழக்கமாகிவிட்ட இந்தியக் கலைச்சந்தையில் மதிக்கத்தக்க நேர்மை.

இத்தனை ஊடகங்களையும் பழைய வீட்டில் வைப்பது தொழில்நுட்ப நோக்கில் எளிதல்ல. அருங்காட்சியக வழக்கப்படி பட்டுக்கும் காகிதத்துக்கும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டக்கூடாது; எண்ணெய் வண்ணம் 200 லக்ஸ் வரை தாங்கும்; செம்புக்கு ஒளியால் கேடில்லை, ஈரப்பதமே பகை. வீடு என்பதோ வெளிச்சம் வேண்டிக் கட்டப்பட்டது. ஆளுயரச் சாளரங்கள் சுவருக்குச் சுவர் இருக்கும். அவற்றைத் திறந்தால் பட்டு வெளுக்கும். மூடினால் வீடு தன் முகத்தை இழக்கும். பழைய சுவரில் ஆணி அடிப்பதும் கூடாது. ஆகவே இத்தகைய கட்டடங்களில் சுவருக்கு முன்னே தனிப் பலகைகளை நிறுத்தியோ, மேலே கம்பி ஓட்டி அதிலிருந்து தொங்கவிட்டோ படங்களை வைக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரின் மிதமான வெப்பநிலை இதில் ஓரளவு கைகொடுக்கிறது. உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்த சென்னையில் இதே படைப்புகளைக் காப்பது இன்னும் கடினம். சோழமண்டலத்தில் கடலோரத்தில் செப்புத் தகட்டோடு வேலை செய்த தலைமுறைக்கு அது நன்றாகவே தெரியும்.

பார்வையாளர் படங்களிலிருந்து வெளியே வந்தால் வளாகத்தில் மரங்கள். விருட்ச வரிசையைப் பார்த்துவிட்டு மாளிகையின் முன்வாசலில் நிற்பவருக்கு அந்தக் கிளைகள் முன்போல் தெரியாது. வெள்ளைச் சுவர்க் கூடத்தில் இது நேர வாய்ப்பில்லை.

கலை வரலாற்றில் இந்தக் கண்காட்சியின் இடம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய நவீன ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் கல்கத்தா, சாந்திநிகேதன், பம்பாய், பரோடா, டெல்லி என்ற ஊர்களின் வழியாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. சென்னை இயக்கம் அடிக்குறிப்பில் இடம்பெறும். பணிக்கர் பெயர் வரும், மற்றவர்கள் உதிர்ந்துவிடுவார்கள். பம்பாயின் முற்போக்குக் குழு ஓவியர்களின் படங்கள் ஏலத்தில் கோடிகளில் விலைபோகும்போது, அதே தலைமுறையின் சென்னைக் கலைஞர்கள் பலருக்கு ஒழுங்கான பட்டியல் நூல்கூட இல்லை. அண்மைக் காலத்தில் நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. ஆய்வாளர் அஷ்ரஃபி பகத் பல ஆண்டு உழைப்பில் இந்த இயக்கத்தை ஆவணப்படுத்தினார். 2019இல் அவர் அமைப்பில் ‘மெட்ராஸ் மாடர்ன்’ என்ற கண்காட்சி நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நாட்டின் தேசியக் கூடம் ஒன்று சோழமண்டலத்தின் தொடக்க உறுப்பினர் ஒருவருக்குத் தன் முழு வீட்டையும் திறந்து கொடுத்தது, இந்த மாற்றத்தின் முக்கியமான படி.

அத்தகைய கண்காட்சிகள் தானாக நிகழ்வதில்லை. மும்பை, பெங்களூரு தேசியக் கூடங்களுக்கு உள்ளூர்க் கலைஞர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. வட்டாரக் கலைஞர்களின் கண்காட்சிகளைப் பரிந்துரைப்பதில் அவற்றுக்குப் பங்கு இருந்தது. 2019 பிப்ரவரியில் மும்பைக் கூடத்தில் ஓவியர் பிரபாகர் பர்வேயின் கண்காட்சித் திறப்பு விழாவில் பேசிய நடிகர் அமோல் பாலேகர், அந்தக் குழுக்கள் கலைக்கப்பட்டதையும் இனி முடிவுகள் டெல்லியில் எடுக்கப்படும் என்பதையும் விமர்சித்தபோது இடைமறிக்கப்பட்டார். செய்தி நாடெங்கும் பரவியது. சோழமண்டலத்தின் அருமை டெல்லியில் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தெரியாமல் போகலாம். சோழமண்டலத்துக்கு நடந்துபோய்ப் பழகிய ஒருவருக்குத் தெரியும். உள்ளூர்க் குழுவின் தேவை இவ்வளவு எளிமையானது.

பெங்களூரு கலைஞர்களுக்குக் கட்டடத்துக்காகப் போராடிய அனுபவமும் உண்டு. அவனீந்திரநாத் தாகூரின் மாணவரான கே. வெங்கடப்பாவின் பெயரில் கஸ்தூர்பா சாலையில் அமைந்த அரசுக் கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றின் பராமரிப்பில் விடும் ஒப்பந்தம் 2015இல் கையெழுத்தானபோது, நகரின் ஓவியர்களும் சிற்பிகளும் நிகழ்த்துகலைஞர்களும் மாதக்கணக்கில் அங்கே கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இளம் ஓவியர் ஒருவர் குறைந்த வாடகையில் தன் முதல் தனிக் கண்காட்சியை நடத்தக்கூடிய இடம் அது என்பதே அவர்களுடைய வாதத்தின் மையம். ஒரு முதல் கண்காட்சிக்கான வெங்கடப்பா கூடமும், வாழ்நாள் முழுவதையும் காட்டும் மாணிக்கவேலு மாளிகையும் ஒரே நகரில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பது பெங்களூரு ஓவியர்களின் நற்பேறு. 1960இல் தொடங்கிய கர்நாடக சித்ரகலா பரிஷத்தும் 2023இல் திறக்கப்பட்ட கலை, ஒளிப்பட அருங்காட்சியகமும் சேர, நகரத்தின் மையப் பகுதியில் ஓவியத்துக்கென்று ஒரு வட்டாரமே உருவாகியிருக்கிறது.

பின்னோக்குக் கண்காட்சி முடிந்ததும் படைப்புகள் பிரிந்துபோகும். இரவல் தந்த சேகரிப்பாளர்களின் வீடுகளுக்குச் சில, ஓவியரின் பணிக்கூடத்துக்குச் சில என்று அவை மீண்டும் சிதறும். சோழமண்டலத்தில் வரைந்த மரமும் பெங்களூரில் நெய்த சீலையும் மறுபடி அருகருகே தொங்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொல்ல முடியாது. மாளிகையின் அறைகள் காலியாகி, பலகைகள் நகர்த்தப்பட்டு, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டு, அடுத்த ஓவியரின் பெட்டிகள் முன்வாசலில் வந்து இறங்கும்.